பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்

போன வாரம் எங்கள் சிகாகோ நண்பர்கள் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: “ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கிற அந்த சென்டருக்கு ஸ்கூல் பிள்ளைகளும் போகிறார்களாம், எழுபது வயசுக்காரர்களும் போகிறார்களாம். இது சரியா?” கேட்டவர் நல்ல மனிதர். வம்புக்காகக் கேட்கவில்லை, பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் இங்கே நீளமாகவே எழுதுகிறேன். என் பதில், சரிதான். அந்த இரண்டு வயதினரும் ஒருவரையொருவர் இன்னும் நிறையச் சந்திக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

தெரியாதவர்களுக்காக: சிகாகோவின் வடபகுதியில், ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ‘சென்டர் ஆன் ஹால்ஸ்டெட்’ இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் உள்ளிட்ட பால்புதுமையர்களுக்கான சமூக மையம். 1973-இல் ‘கே ஹொரைசன்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி, 2007-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. உளவள ஆலோசனை, எச்ஐவி பரிசோதனை, வேலைப் பயிற்சி, இளைஞர்களுக்குத் தனி இடம், முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, வகுப்புகள் என்று நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஒட்டினாற்போல் ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடை. யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து வரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால், காய்கறி வாங்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே வரும் இளைஞர்களில் கணிசமானவர்களுக்கு வீடு என்பதே பிரச்சினை. அமெரிக்கா முழுவதும் வீடற்ற இளைஞர்களுக்கு உதவும் அமைப்புகளிடம் 2012-இல் வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆராய்ச்சி மையம் ஓர் ஆய்வு நடத்தியது. தங்களிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பால்புதுமையர் என்று அந்த அமைப்புகள் சொல்லின. அவர்கள் தெருவுக்கு வந்ததற்கு முதல் காரணமாகச் சொல்லப்பட்டது, குடும்பம் ஏற்க மறுத்தது. நம் வீடுகளில் பிள்ளையை வெளியே தள்ளுவதில்லை என்று சிலர் சொல்வீர்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருப்போம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பேசாமலே இருப்போம். அந்த மௌனத்தில் வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதில் ஒருவன் என் தோழியின் மகன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். கல்லூரியில் படிக்கிறான். ஒரு நாள் என்னிடம், “ஆன்ட்டி, நரைத்த தலையோடு இருக்கிற ஒரு கே மனிதரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு வாழ்க்கை இருக்கும் என்றே தோன்றியதில்லை” என்றான். சோகமாகக்கூடச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு அம்மா அப்பா, தாத்தா பாட்டி, பெரியம்மா பெரியப்பா என்று எதிர்காலம் கண்முன்னே நடமாடிக்கொண்டிருக்கிறது. சண்டை போட்டு, சமாதானமாகி, மூட்டுவலி மாத்திரை சாப்பிட்டு வாழ்ந்துகொண்டிருக்கிறது. இவனுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. இன்று எழுபது வயதில் இருக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களின் தலைமுறையை எய்ட்ஸ் வாரிக்கொண்டு போனது. முதல் நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 1981-இல் வந்தது. பலன் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாகக் கிடைக்க 1996 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்கள். பிழைத்திருப்பவர்களில் பலருக்கு வயதுக்கு ஒத்த நண்பர்கள் மிச்சமில்லை. பிள்ளைகளும் இல்லை. சிலரைக் கூடப் பிறந்தவர்களே கைகழுவிவிட்டார்கள்.

முதுமையில் பிறர் தயவில் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு சிகாகோவை ஒட்டிய நைல்ஸ் ஊரில் நடந்த ஒரு வழக்கே போதும். டெவன் அவென்யூவுக்கு மளிகை வாங்க வருகிறவர்கள் பலருக்குத் தெரிந்த ஊர்தான். மார்ஷா வெட்ஸல் என்ற பெண்மணி, முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த துணைவி இறந்த பிறகு, அங்கே ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ந்தார். லெஸ்பியன் என்று தெரிந்ததும் அங்கிருந்த சிலர் வசைபாடினார்கள், அவர் நடமாடப் பயன்படுத்திய ஸ்கூட்டர் மீது இடித்துத் தள்ளினார்கள், எச்சில் துப்பினார்கள். புகார் செய்தவரைத்தான் நிர்வாகம் சாப்பாட்டு அறையில் ஒதுக்குப்புறமான இடத்துக்கு மாற்றியதாக அவர் வழக்கில் சொன்னார். நடப்பது தெரிந்தும் கைகட்டி நின்றால் வீட்டு உரிமையாளர் வீட்டுவசதிச் சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசின் ஏழாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சட்டத்தில் அது பெரிய வெற்றி. ஆனால் எழுபதை நெருங்கும் ஒரு பெண் நிம்மதியாகச் சாப்பிட நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இப்படி நடக்காமல் இருக்கத்தான் ‘டவுன் ஹால் அபார்ட்மென்ட்ஸ்’ 2014-இல் வந்தது. சென்டரிலிருந்து சில அடி தூரம், அடிசனும் ஹால்ஸ்டெட்டும் சந்திக்கும் மூலை. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு 79 வீடுகள். பால்புதுமையரை மனதில் வைத்துக் கட்டியது என்றாலும் சட்டப்படி 55 வயது தாண்டிய யாரும் விண்ணப்பிக்கலாம். அந்த மூலையில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். புதிய அடுக்குமாடியோடு ஒரு பழைய செங்கல் கட்டடம் சேர்ந்து நிற்கும். அது 1907-இல் கட்டிய டவுன் ஹால் காவல் நிலையம். கே பார்களில் போலீஸ் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலத்தில் இந்தப் பகுதியின் நிலையம் அதுதான். இடித்துத் தள்ளாமல் அதையே முதியவர்கள் கூடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். சிகாகோ நகரம் செய்த உருப்படியான காரியங்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வயதானவர்களும் இளைஞர்களும் ஏன் கலக்க வேண்டும்? தனித்தனியாகவே உதவக்கூடாதா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. இன்று நேற்று முளைத்த பயம் அல்ல. 1964 ஏப்ரலில் ஓஹேர் விமான நிலையத்துக்கு அருகில் ‘ஃபன் லவுஞ்ச்’ என்ற பாரில் போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. இத்தனைக்கும் தன்பாலுறவு குற்றமல்ல என்று நாட்டிலேயே முதலில் சட்டத்தை மாற்றிய மாநிலம் சிகாகோ இருக்கும் இந்த இலினாய்தான், அது நடைமுறைக்கு வந்தது 1962-இல். கைதானவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், அவர்கள் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. 1977-இல் ஃப்ளோரிடாவில் அனிதா பிரையன்ட் என்ற பாடகி ‘நம் பிள்ளைகளைக் காப்போம்’ என்று கோஷம் போட்டு, பாகுபாட்டைத் தடை செய்த உள்ளூர்ச் சட்டத்தை வாக்கெடுப்பில் ரத்து செய்ய வைத்தார். மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பு ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து நீக்க ஒரு முன்மொழிவு வந்தது, நல்லவேளை மக்கள் தோற்கடித்தார்கள். தன்பாலீர்ப்புள்ள பெரியவர் என்றாலே பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற பழி இப்படித்தான் திரும்பத் திரும்பச் சுமத்தப்பட்டது.

அந்தப் பழியை யாரும் அந்தப் பெரியவர்கள் காதில் தினமும் ஓத வேண்டியதில்லை, அவர்களுக்குள்ளேயே இறங்கிவிட்டது. சென்டரில் மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஒரு பெண்மணியை எனக்குப் பழக்கம். எழுபதுகளில் இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியை. நடைக்கூடத்தில் இளைஞர்கள் கூட்டமாக வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வழி விடுவார். வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டபோது, “வேலையில் இருந்தவரைக்கும் ஒரு பிள்ளையின் தோளைக்கூடத் தொட்டதில்லை, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள்” என்றார். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பார்!

தோழியின் மகனும் அவரும் பேச ஆரம்பித்தது ஒரு காகிதத்தால். இலினாயில் தன்பாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014-இல். அதற்கு முன் பல ஆண்டுகள், தன் துணைவியின் மருத்துவ முடிவுகளை எடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்ற அதிகாரப் பத்திரத்தை இவர் காரின் டாஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருந்தார். விபத்து நடந்து மருத்துவமனைக்குப் போனால் ‘நீங்கள் யார்’ என்று வாசலில் நிறுத்திவிடுவார்களே என்ற பயம். அந்தப் பத்திரத்தை ஒரு நாள் அவனிடம் காட்டினார். மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப்போயிருந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேள்வி மேல் கேள்வி. வாடகைக்கு வீடு பிடித்தது எப்படி, அம்மாவிடம் என்ன சொன்னீர்கள், பயமாக இல்லையா என்று. இப்போது அவருடைய ஃபோனில் எது மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் அழைப்பு போகிறது.

இது தானாக எல்லோருக்கும் அமையாது. யாராவது மெனக்கெட்டு அமைக்க வேண்டும். சிகாகோவில் 2019-இல் இதற்கென்றே ஒரு தலைமுறை உரையாடல் திட்டம் தொடங்கியது. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் கலைப் பள்ளியிலும் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்திலும் இருக்கும் ஆசிரியர்கள் சென்டரோடு சேர்ந்து நடத்தினார்கள். கல்லூரி வயது இளைஞர்களும் பெரியவர்களும் ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். உரசல் இல்லாமல் இருக்குமா? ஒரு காலத்தில் முகத்தில் அறைந்த வசைச்சொல்லை இளைஞர்கள் பெருமையாகச் சூடிக்கொள்வதைப் பெரியவர்கள் சிலரால் தாங்க முடியாது. இவர்களுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்ற மனத்தாங்கலும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லாத மனத்தாங்கலா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பால்புதுமையர் மையம் 2019-இல் திறந்த வளாகத்தில் வீடற்ற இளைஞர்களுக்கான படுக்கைகளும் முதியோர் மையமும் பக்கத்துப் பக்கத்தில். சமையல் பயிற்சியில் இரு வயதினரும் ஒரே சமையலறையில் வேலை கற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. பேச எதுவும் இல்லாவிட்டாலும் வெங்காயம் நறுக்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த வசதியெல்லாம் பணக்கார வடபகுதியில் குவிந்திருக்கிறது. தெற்கு, மேற்குச் சிகாகோவின் கறுப்பினப் பிள்ளைகள் ரயிலேறி இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. வந்தால் அக்கம்பக்கத்தாரில் சிலர் அவர்களைத் தொந்தரவாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் கறுப்பினப் பெண்கள் 1995-இல் தொடங்கிய அஃபினிட்டி, தெற்கே கறுப்பினத் திருநர்கள் முன்னின்று நடத்தும் பிரேவ் ஸ்பேஸ் அலையன்ஸ் போன்ற அமைப்புகள் இவ்வளவு முக்கியம். பணம் கொடுக்க நினைப்பவர்கள் அவற்றையும் நினைவில் வையுங்கள். அரசை நம்பியிருக்க முடியாத காலம் இது. தற்கொலை எண்ணம் வந்தால் அழைக்கும் 988 எண்ணில் பால்புதுமைய இளைஞர்களுக்கென இருந்த தனிச்சேவையை 2025 ஜூலை 17-இல் கூட்டரசு நிறுத்திவிட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான முறை பிள்ளைகள் தேடி வந்த சேவை அது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் உருவாகத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று ஒரு தன்பாலீர்ப்பு இணையின் வழக்கில் சொன்னது. நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் அது ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் திருநங்கைகள், வீட்டைவிட்டு வந்த பிள்ளையை ஒரு மூத்தவர் மகளாகத் தத்தெடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். அங்கேயும் சுரண்டல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரியவர் இல்லாமல் இளையவர் பிழைக்க முடியாது, இளையவர் இல்லாமல் பெரியவருக்குக் கடைசிக் காலம் இல்லை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

பாதுகாப்பு பற்றிய கேள்வி நியாயமானது, எந்த மையத்திடமும் கேளுங்கள். கோயில் பாட்டு வகுப்பில், கிரிக்கெட் பயிற்சியில், தமிழ்ப் பள்ளியில் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள். தன்னார்வலர்களின் பின்னணியை விசாரிக்கிறீர்களா, பதின்ம வயதினருக்குத் தனி இடமும் பொறுப்பாளரும் உண்டா, புகார் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று. அதைவிடக் கூடுதலாகச் சந்தேகப்பட இந்தப் பெரியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் பக்கம் இருக்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்லியிருந்தாலும் சரி, நீங்களாக ஊகித்து உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் நானே கூட வருகிறேன். ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஹால்ஸ்டெட் வந்துவிடும். பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்றுகூட இல்லை, முதலில் நீங்கள் மட்டும் வந்து பாருங்கள்.