ரோலர் மட்டும் தனியாகக் கிடைக்காதாம்!

துணி காயவைக்கும் டிரையர் சத்தம் போட்டால் டிரையரையே தூக்கிப் போட வேண்டுமாம். இதைச் சொன்ன சர்வீஸ்காரர் மெஷினைத் திறக்கவே இல்லை. வந்ததும் "அண்ணன் வீட்ல இல்லையாக்கா?" என்றார். இல்லை என்றேன். ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், "டிரம் போயிடுச்சுக்கா, புதுசு வாங்குறதுதான் லாபம்" என்றார். வந்து பார்த்த கூலி ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). டிரம் எங்கே போயிற்று? உள்ளேதானே சுற்றிக்கொண்டிருக்கிறது!

"டிரையர் எதுக்கு, கொடியில போட வேண்டியதுதானே" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களை அக்டோபர், நவம்பரில் மலேசியாவுக்கு, எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வரச் சொல்லுங்கள். மேற்குக் கரையில் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் மழை வெளுத்து வாங்கும். காலையில் வெயில் பல்லைக் காட்டும். சாயங்காலம் இடி இடித்துக் கொட்டும். நான் வேலை முடிந்து வருவதற்குள் கொடியில் கிடந்த துணி மறுபடி ஊறிப்போயிருக்கும். மழை இல்லாத நாளில் செம்பனை ஆலைப் புகை வந்து பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கரிப்பொட்டு வைத்துவிட்டுப் போகும். தீபாவளியும் இதே மாதங்களில்தான். திரைச்சீலையும் மெத்தை உறையும் எப்போது காய்வது?

சரி, அந்தச் சத்தத்துக்கு வருவோம். டிரையருக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு மோட்டார். டிரம்மைச் சுற்றி நீளமாக ஒரு பெல்ட். பெல்ட் தளராமல் இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன புல்லி. டிரம்மின் பாரத்தைத் தாங்க அடியில் ரோலர்கள். சூடாக்க ஒரு ஹீட்டர், காற்றைத் தள்ள ஒரு விசிறி. பெரும்பாலும் தேய்வது சுற்றுகிற சின்னச் சாமான்கள்தான். 'கீச்'சென்று கத்தினால் முதலில் புல்லியையும் ரோலர் அச்சையும் பார்க்க வேண்டும். 'தடக் தடக்' என்று தாளம் போட்டால் ரோலரின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம், அல்லது பெல்ட் பிய்ய ஆரம்பித்திருக்கலாம். தகரம் கீறுகிற மாதிரி கேட்டால் பாக்கெட்டில் மறந்த இருபது காசோ, உள்ளாடைக் கம்பியோ எங்கேயாவது மாட்டியிருக்கும். எங்கள் வீட்டில் கேட்டது தடக் தடக். காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினாலே தட்டியது. இதைக் கண்டுபிடிக்க டிப்ளோமா வேண்டுமா? அந்த ஐம்பது வெள்ளிக்கு ஒரு கையை உள்ளே விட்டிருக்கலாமே!

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். மலாயில் ஒரு பெண், அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு பையன், அப்புறம் கொஞ்ச நேரம் பாட்டு. கடைசியில் வந்தவர் மாடல் நம்பரை வாங்கிக்கொண்டு, "ரோலர் தனியா வராது, டிரம் செட்டோடதான் வரும்" என்றார். செட்டின் விலையைக் கேட்டால் புது மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சக்கரம் தேய்ந்ததற்கு, தேயாத டிரம்மையும் சேர்த்து வாங்கு என்கிறார்கள். வயிறு எரிகிறது.

என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டர். வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள், ரப்பர் ஷீட்டை உருட்டித் தள்ளும் பெரிய உருளைகள். சத்தம் மாறினால் அப்பா நிறுத்துவார், அச்சைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்திருந்தால் அதை மட்டும் கழற்றுவார், வேறு கடைந்து போடுவார். புஷ் தேய்ந்ததற்கு ஆலையையே மாற்று என்று எந்த தொரையும் சொன்னதில்லை.

ஆன்லைனில் தேடினால் அதே ரோலர் கிடைக்கிறது! கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் போட்டுத் தேடி, விட்டத்தையும் அச்சுத் துளையையும் அளந்து சரிபார்த்து வாங்கினேன். விலை ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் காசு. 'தனியாக வராது' என்ற சாமான் தபாலில் தனியாகத்தான் வந்தது.

மாற்றும்போதுதான் வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. "ஷாக் அடிக்கும்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை." அடிக்கும்தான். அதனால்தான் சுவிட்சை மூடியதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கி என் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கலாம் என்பதால் மோட்டார் பக்கம் கையே வைக்கவில்லை. இன்னொரு அங்கிள் டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே டப்பாவோடு வந்துவிட்டார், "ஒரு அடி அடி, சரியாப் போயிடும்." போகாது அங்கிள். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், எண்ணெயில் பஞ்சுத்தூசி ஒட்டும், தேய்ந்த ரப்பர் திரும்ப முளைக்காது. சூடான மெஷினுக்குள் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்தால் நெருப்புக்கு வேறென்ன வேண்டும்? மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு. முதல் வேலையாக அதை வேக்கூம் போட்டு எடுத்தேன்.

மற்றபடி வேலை சாதாரணம். பெல்ட் எந்த வழியாகப் போகிறது என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொண்டேன், மாட்டும்போது வரிவரியான பக்கம் டிரம்மைப் பார்த்தபடி. தகர விளிம்பு கத்தியாக இருக்கும், கையுறை வேண்டும். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். டிரம்மைத் தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒரு ரோலர் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. மாற்றினேன். தடக் போய்விட்டது.

கோபம் போகவில்லை. இந்த நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 37ஆவது பிரிவின்படி, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பவரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். நியாயமான காலம் என்றால் எத்தனை வருடம்? அங்கே எண் இல்லை. போதாததற்கு, கிடைக்கும் என்று பொறுப்பேற்கவில்லை என விற்கும்போதே வாங்குபவருக்குத் தெரியப்படுத்த நடவடிக்கை எடுத்துவிட்டால் அந்த உத்தரவாதமும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சிலிருந்து துணி துவைக்கும் மெஷின்களுக்குப் 10 வருடம் என்று எண்ணைப் போட்டே எழுதிவிட்டது. அங்கே இருப்பவர்கள் துவைப்பதும் துணிதானே?

ஐந்து வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 'சுராட் காபார் லாமா' (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிதான் தெரியும். பெல்ட் அறுந்த மெஷின், ரோலர் தேய்ந்த மெஷின், பஞ்சு அடைத்த மெஷின் எல்லாம் அதில்தான் ஏறிப் போகின்றன. அடுத்த வாரமே தவணையில் புதுசு வந்து இறங்குகிறது.

நான் டிரையரைக் கழற்றியது தெரிந்து பக்கத்து வீட்டு ஆண்ட்டி தன் வாஷிங் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டார். சுழலும்போது லாரி மாதிரி உறுமுகிறது. பியரிங். அதற்கும் விலை அதிகமில்லை. ஆனால் அந்த மாடலில் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பாதியையும் ஸ்க்ரூ போடாமல் உருக்கி ஒட்டி மூடிவிட்டிருக்கிறார்கள், தொட்டியை ரம்பத்தால் அறுத்தால்தான் பியரிங்கைத் தொட முடியும். இதை வரைந்து கொடுத்த இன்ஜினியர் யாராக இருந்தாலும் சரி, சுங்கை சிப்புட்டுக்கு வரட்டும். ரம்பம் நான் தருகிறேன்.