பவுல் காணிக்கையே வாங்கவில்லையா?

"பவுல் கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார், எந்தச் சபையிடமும் காசு வாங்கவில்லை, அதனால் ஊழியருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, பணம் கொடுப்பது வேதத்துக்கு விரோதம்" என்று, இயேசுவின் சுவிசேஷத்தை ஊர் ஊராக அறிவித்த பவுலைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கி அவர் கூடாரம் செய்தது வேதத்தில் அப்போஸ்தலர் 18-ம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஆனால் அதே கொரிந்தியருக்கு எழுதும்போது, மற்றச் சபைகளிடம் சம்பளம் வாங்கித்தான் உங்களுக்கு ஊழியம் செய்தேன், என் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் நிறைவாக்கினார்கள் என்று அவரே சொல்கிறார் (2 கொரிந்தியர் 11:8, 9). தெசலோனிக்கேயில் இருந்தபோதும் பிலிப்பி சபையார் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள், பின்னால் அவர் காவலில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் மறுபடியும் கொடுத்துவிட்டார்கள். பிலிப்பியர் 4-ஐ ஒரு தடவை முழுசாக வாசித்தாலே போதும். 1 கொரிந்தியர் 9-ல் இன்னும் நேரடியாக, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை என்கிறார். கொரிந்துவில் அந்த உரிமையைத் தனக்கென்று அவர் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். உரிமையே இல்லை என்று அவர் சொன்னதாகக் காட்ட ஒரு வசனமும் கிடையாது.

சரி, மிரட்டி வசூலிப்பதும் சொகுசு வாழ்க்கையும்? அதற்கு இது ஆதரவல்ல. கட்டாயமாய் அல்ல, மனதில் நியமித்தபடி கொடுக்கவேண்டும் என்பதும் பவுல் எழுதியதுதான் (2 கொரிந்தியர் 9:7). கோபம் அப்படிப்பட்டவர்கள் மேல் என்றால் அதை நேராக எழுதுங்கள், மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லும் கிராமத்து ஊழியரை இதில் இழுக்காதீர்கள். அந்தச் செய்தி உங்கள் குழுவில் வந்தால் ஃபார்வர்ட் செய்யாமல் இந்த வசனங்களைப் பதிலாகப் போடுங்கள்.