வெயிலில் மின்னும் மாப்பிள்ளை

முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணை, சாயங்காலம். பேச்சியம்மாள் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படிக்கிற தங்கை மகள் செல்வி, 'ட்வைலைட்' நாவலின் குறைகளைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம், ஒத்திகைக்கு வேறு ஆள் இல்லை. இலை வெட்டித் தந்தால் கேட்கிறேன் என்று பெரியம்மை சொன்னதால் கையில் கத்தரியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

செல்வி: 2005-இல் வந்த கதை பெரியம்மை. பெல்லா என்று ஒரு பிள்ளை, 17 வயது. அமெரிக்காவில் ஃபோர்க்ஸ் என்று எப்போதும் மழை பெய்கிற ஊருக்கு, அப்பாவோடு இருக்க வருகிறாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து சீட்டில் எட்வர்டு. அவன் ரத்தக்காட்டேரி.

பேச்சி: காட்டேரிக்குப் பள்ளிக்கூடத்தில் என்னட்டி வேலை?

செல்வி: அவன் 1901-இல் பிறந்தவன். 1918-இல் உலகம் பூரா விஷக்காய்ச்சல் வந்ததில்லையா, அதில் சாகக் கிடந்தவனை ஒரு காட்டேரி டாக்டர் கடித்துக் காப்பாற்றிவிட்டார். அதிலிருந்து வயது 17-இலேயே நிற்கிறது.

பேச்சி: (மனக்கணக்குப் போட்டதில் சுற்றின பீடி அவிழ்ந்துவிட்டது) ஏட்டி, அப்போ நூறைத் தாண்டியாச்சே! நூறு வயதுக் கிழவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்க்கிறான், இதைக் காதல் கதை என்று துட்டுக் கொடுத்து வேறு வாங்கினாயா? இவ்வளவு வருஷத்தில் பிளஸ் டூ கூடத் தாண்டவில்லையா அவன்?

செல்வி: தாண்டுவான். சந்தேகம் வரக்கூடாது என்று குடும்பத்தோடு ஊர் மாறி, மறுபடியும் சேருவான்.

பேச்சி: உங்க அண்ணன் அரியரை நினைத்து நான் பாவம் அழுதுகொண்டிருக்கிறேன். சரி, பகலில் எப்படிப் பள்ளிக்கூடம் போவான்? வெயில் பட்டால் கருகிவிடுவானே?

செல்வி: அது சினிமா பழக்கம். 1897-இல் வந்த டிராகுலா நாவலிலேயே அவர் பகலில் நடமாடுவார், சக்தி மட்டும் குறைச்சல். வெயில் பட்டதும் அழிவது 1922-இல் நோஸ்பரட்டு படத்தில் வந்தது. இந்தக் கதையில் அதுவும் இல்லை. வெயில் பட்டால் எட்வர்டு வைரம் மாதிரி மின்னுவான்.

பேச்சி: மின்னுவானா?

செல்வி: மின்னுவான்.

பேச்சி: கோயில் கொடைப் பந்தல் ஜிகினா மாதிரியா? சித்திரை வெயிலில் நம்ம பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினால் டிரைவருக்குக் கண் கூசி வண்டி கடைக்குள்ளே போய்விடும். ரத்தமாவது குடிப்பானா, அதுவும் இல்லையா?

செல்வி: மான், மலைச்சிங்கம் ரத்தம் மட்டும்தான். மனுஷ ரத்தம் தொடுவதில்லை என்பதால், 'நாங்கள் சைவம்' என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பேச்சி: மெதுவாகப் பேசு, டவுன் சைவச் சாப்பாட்டுக் கடைக்காரர் காதில் விழுந்துவிடப் போகிறது. அந்தப் பிள்ளைமேல் மட்டும் ஏன் ஆசையாம்?

செல்வி: அவள் ரத்த வாசனை அவனை இழுக்கிறது. அப்புறம் எல்லார் மனசையும் படிக்கிறவனுக்கு அவள் மனசு மட்டும் தெரியவில்லை.

பேச்சி: பரோட்டாக் கடை வாசலில் சால்னா வாசனைக்கு நானும்தான் நிற்கிறேன், அதுக்காக மாஸ்டரைக் கட்டிக்கொண்டேனா? அவள் எப்படிப்பட்டவள்? என்ன பிடிக்கும்?

செல்வி: (யோசித்து) புத்தகம் படிப்பாள்... அப்பாவுக்குச் சமைப்பாள்... தடுக்கித் தடுக்கி விழுவாள். அவ்வளவுதான் பெரியம்மை. ஆனால் எட்வர்டு முகத்தை மட்டும் பளிங்கு, பளிங்கு என்று சொல்லித் தீராது.

பேச்சி: வீட்டுக்குத் தரை போடுகிறார்களா?

செல்வி: இன்னொன்று, அவள் தூங்கும்போது ராத்திரி ராத்திரி அவள் ரூமுக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கே தெரியாது.

பேச்சி: (கையை நிறுத்தி) அப்பன் எங்கே போனான்?

செல்வி: அவர்தான் அந்த ஊர் போலீஸ் தலைவர்.

பேச்சி: விளங்கும்! முதலில் அந்த ஆளை சஸ்பெண்ட் பண்ணச் சொல். ஏட்டி, உள்ளதைச் சொல்கிறேன் கேள். நம்ம பக்கத்தில் ஒருத்தர் செத்துப் பேயாக நின்றால் அதுக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கும். இசக்கி கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருக்கிறாயே, கேட்கிறவளுக்கு வயிறு எரியும், ஐயோ பாவம் என்றும் இருக்கும், அந்தப் பக்கம் தனியாகப் போகப் பயமாகவும் இருக்கும். உன் எட்வர்டுக்கு என்ன குறை? காய்ச்சல் சரியாகிவிட்டது, காரும் வைத்திருக்கிறான், சாவும் கிடையாது. அவனுக்கு எதுக்கு நான் பயப்பட? சண்டைக்கு எவனாவது உண்டா?

செல்வி: ஒரு கெட்ட காட்டேரி உண்டு. மொத்தம் 24 அத்தியாயம், அவன் வருவது 18-இல்.

பேச்சி: கொடையில் சாமி விடியற்காலம்தான் வரும் என்றால் அதுவரைக்கும் கூட்டம் இருக்குமா? ஏட்டி, இதென்ன, அளவுத் தகடு இங்கே, இலை அங்கே... இப்படி வெட்டினால் கடைக்காரன் எல்லாத்தையும் கழித்துவிடுவான்!

(கரண்ட் போகிறது. எங்கேயோ ஒரு நாய் ஊளையிடுகிறது. செல்வி கால்களைத் திண்ணைமேல் தூக்கிக்கொண்டு பெரியம்மையோடு ஒட்டி உட்காருகிறாள்.)

செல்வி: பெரியம்மை... உங்க இசக்கி பேச்சை இருட்டினபிறகு எடுக்காதீங்க.

பேச்சி: இன்னும் நூறு பீடி கிடக்கு. உன் ஆளைக் கூப்பிடு, பக்கத்தில் நின்று மின்னட்டும்.

செல்வி: அவன் வெயிலில்தான் மின்னுவான்.

பேச்சி: ராத்திரிக்கு உதவமாட்டானா? சவம், போய் மெழுகுவர்த்தியை எடு.