பாவமன்னிப்பு தர மறுத்த ஆயர்

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கத்தோலிக்கக் குரு பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்றதும் எல்லோரும் 1552-இல் அவர் அச்சிட்ட சின்னப் புத்தகத்தைத்தான் சொல்வார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளை ஸ்பானியர்கள் கொன்று குவித்ததை ஊரறியச் செய்த புத்தகம். பெரிய காரியம்தான். ஆனால் என்னைக் கேட்டால், சியாபாஸ் பகுதியின் ஆயராக (பிஷப்) இருந்த கொஞ்ச காலத்தில் அவர் செய்ததுதான் அதைவிடத் துணிச்சலானது.

1545, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். இன்றைய மெக்சிகோவின் தெற்கில் உள்ள சியுதாத் ரியால் நகரத்துக்கு வருகிறார், வயது அறுபதை ஒட்டி. ஸ்பானியர் வீடுகளில் பூர்வகுடி அடிமைகள். ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்காதவன் வெளியே தலைகாட்ட முடியாத காலம். அடிமைகளை விடுவிக்காதவனுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்றார் ஆயர். பெரும்பாலான குருக்களிடமிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தையே எடுத்துவிட்டார். விட்டுவைத்த தலைமைக் குருவே சொல்லை மீறி மன்னிப்புக் கொடுக்க, அவரைக் கைது செய்ய ஆள் அனுப்பினார். ஊரார் ஆயுதத்தோடு ஆயர் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. குருக்களுக்கென்று 12 விதிகள் எழுதினார். பூர்வகுடிகளின் உழைப்பில் கொழுத்தவன் சாகக் கிடந்தாலும் சரி, முதலில் நோட்டரியை வரவழைக்க வேண்டும். அடிமைகளை விடுவித்து, சொத்தை உரியவர்களுக்குத் திருப்பித்தர குருவுக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் அதற்கப்புறம்தான். கண்ணீர் போதாது, பத்திரத்தில் கையெழுத்து வேண்டும்! 1548-இல் ஸ்பெயின் அரசரே அந்த விதிகளின் பிரதிகளைக் கைப்பற்ற உத்தரவிட்டார் என்றால், அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

அந்த இடம் லாஸ் காசாஸுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. 1502-இல் கடல் கடந்து வந்த அவரும் பூர்வகுடிகளை வேலைவாங்கிப் பிழைத்தவர்தான். ஏழையின் பொருளைப் பறித்துக் காணிக்கை வைப்பதைக் கொலைக்கு ஒப்பிடும் விவிலியத்தின் சீராக் நூல் 34-ஆம் அதிகாரம் உறுத்த, 1514-இல் எல்லாவற்றையும் விட்டார்.

1546-இல் மறைமாவட்டத்தை விட்டுக் கிளம்பியதையும் 1550-இல் பதவி துறந்ததையும் வைத்து, ஆயராகத் தோற்றவர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பானியக் குடியேறிகள் பூர்வகுடிகளைப் பரம்பரையாக ஆள்வதைத் தடுக்கும் சட்டத்தை 1542-இல் போட்ட அரசரே, குடியேறிகளுக்குப் பயந்து 1545-இல் அதை ரத்து செய்தார். பின்வாங்கியது அரசர்.

லாஸ் காசாஸைப் புனிதராக்கக் கேட்பவர்களின் பக்கம்தான் நானும். ஆனால் 1516-இல் ஸ்பெயின் அரசுக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தை மறைத்துவிட்டுக் கேட்கக் கூடாது. பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்கக் கறுப்பின அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அதில் யோசனை சொன்னவர் அவரேதான். பிற்காலத்தில், ஆப்பிரிக்கர்களைப் பிடித்ததும் அதே அநியாயம்தான் என்று எழுதினார். அறியாமல் சொன்னது என்பதற்காகக் கடவுள் தன்னை மன்னிப்பாரா என்ற சந்தேகத்தையும் தன் கையாலேயே எழுதிவைத்தார்.