நிலத்துக்காரருக்கு வாடகை போதாது, பங்கு வேண்டும்

போன வாரம் நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "சுரங்கம் தோண்டுவதைப் பூர்வகுடிகள் எதிர்த்தால் நியாயம். சோலாருக்கும் காற்றாலைக்கும் எதற்கு அவர்களோடு இத்தனை பேச்சுவார்த்தை?" ஆஸ்திரேலியாவில் வந்து குடியேறிய நாம் இதை இவ்வளவு லேசாகக் கேட்கிறோமே என்று மனசு சங்கடப்பட்டது. அங்கே பேச வாய்க்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஒரு மெகாவாட் சோலாருக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் கிழக்கு கிம்பர்லியில், குனுனுரா பக்கம் திட்டமிட்டிருப்பது சுமார் 900 மெகாவாட். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலி, சாலை, மின்பாதை எல்லாம் தனி. இப்படிப்பட்ட நிலங்களில் முன்னோரைப் புதைத்த இடம் இருக்கும், சடங்கு நடக்கும் இடம் இருக்கும். எது எங்கே என்று அந்த மண்ணின் மக்களிடம்தான் கேட்க முடியும். 2020 மே மாதம் அதே மாநிலத்தின் ஜூகன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடி வைத்தபோது, 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன பாறைக்குகைகள் நொறுங்கின. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெடித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மாநிலத்தின் பில்பரா பகுதியில் வாழும் யிண்ஜிபார்ண்டி பூர்வகுடி மக்கள் இந்த வலியை நேரடியாகப் பட்டவர்கள். அவர்களோடு உடன்பாடு இல்லாமலே அவர்கள் மண்ணில் ஃபோர்டெஸ்க்யூ நிறுவனம் இரும்புத்தாது வெட்டியது. அந்தச் சுரங்கப் பகுதியும் சேர்த்து அவர்களுக்குப் பிரத்யேக நில உரிமை உண்டு என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2020-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகு 2023-ல் அதே மக்கள் பிலிப்பைன்ஸின் ஏசென் என்ற மின் உற்பத்தி நிறுவனத்தோடு சேர்ந்து யிண்ஜிபார்ண்டி எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் 750 மெகாவாட், போகப்போக 3,000 வரை என்பது இலக்கு. ஆனால் என்னைக் கவர்ந்தது மெகாவாட் இல்லை, நிபந்தனைகள். ஒவ்வொரு திட்டத்திலும் அவர்களுக்கு 25 முதல் 50 சதவீதம் வரை பங்கு. அவர்கள் சம்மதிக்காமல் எந்தத் திட்டமும் நடக்காது. அவர்களுடைய தொழில்களுக்கு ஒப்பந்தங்களில் முன்னுரிமை. தங்கள் நிலத்தை 'ஙுர்ரா' என்கிறார்கள். அதை அப்படியே எழுத நம் மொழியில் எழுத்து இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்த மூன்று நிபந்தனைகளில் நடுவில் இருக்கும் சம்மதம்தான் உயிர் என்பேன். பூர்வகுடிகளின் பாரம்பரிய நில உரிமையை நேட்டிவ் டைட்டில் என்பார்கள். 1993-ஆம் ஆண்டின் நேட்டிவ் டைட்டில் சட்டம் சுரங்க விஷயத்தில் பேச்சுவார்த்தைக்கு இடம் தருகிறது, மறுக்கும் அதிகாரம் தரவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாலு பேருக்கு வேலை, வருஷத்துக்கு ஒரு தொகை, திறப்பு விழாவில் ஒரு நடனம், இதெல்லாம் கூட்டு ஆகாது.

சரி, பங்கு வாங்கப் பணம்? சிக்கலே இங்கேதான். நேட்டிவ் டைட்டில் உரிமையை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ முடியாது. கண்ணுக்கெட்டிய வரை நிலம் இருந்தும் கடன் கிடைப்பது கஷ்டம். கனடாவில் மத்திய அரசே பூர்வகுடிகளின் கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. 2024 பட்ஜெட்டில் 500 கோடி டாலர் அறிவித்து, மறு வருஷமே அதை இரட்டிப்பாக்கினார்கள். கான்பெராவில் இருக்கும் நம் மத்திய அரசு ஏன் அந்த அளவுக்குத் துணியக்கூடாது?

அப்புறம் இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடிகள் வாழும் தொலைதூரக் குடியிருப்புகளில் மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், தீர்ந்தால் இருட்டு. 28 ஊர்களில் சுமார் 3,300 வீடுகளை ஆராய்ந்ததில், 2018-19-ல் பத்தில் ஒன்பது வீடுகளில் ஒரு முறையாவது மின்சாரம் நின்றிருக்கிறது. வெயில் அதிகமான நாட்களில் இன்னும் மோசம். ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்த வெயிலை மின்சாரமாக்கி விற்க வரும் கம்பெனிகள், பக்கத்து ஊரின் வீடுகளுக்கு முதல் இணைப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.