வெள்ளை உடுப்பு டிலனாய்

அக்கா மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் தங்கப் பட்டை, நெஞ்சில் நாலைந்து மெடல். எல்லாம் நாகர்கோவிலில் வாடகைக்கு எடுத்தது. "நான் டச்சுக் கடற்படைத் தளபதி டிலனாய்" என்று தொடங்குகிறது வசனம். போட்டுப் பார்த்துவிட்டு மெடலைத் தடவிக்கொண்டே கேட்டான்: "மாமா, இதெல்லாம் எந்தச் சண்டையில கிடைச்சது? அவரு தோத்துல்லா போனாரு?"

நியாயமான கேள்வி. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர்தான் டிலனாய். பதில் சொல்லத் தெரியாமல் மறுநாள் காலையில் அவனைப் புலியூர்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன்.

உதயகிரிக் கோட்டைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் மானையும் மரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே கூரை இல்லாமல் ஒரு பழைய சிற்றாலயம் நிற்கிறது. டிலனாயின் கல்லறை அங்கேதான். வழிப்போக்கனை நிறுத்திப் பேசுகிற மாதிரி லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு விசுவாசமாக உழைத்தார், காயங்குளத்திலிருந்து கொச்சி வரை எல்லா நாட்டையும் அடிபணிய வைத்தார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1-ல் இறந்தார். சாரம் இவ்வளவுதான்.

பயலைக் கணக்குப் போடச் சொன்னேன். விரலை மடக்கி, நிமிர்த்தி, கடைசியில் சொன்னான்: குளச்சல் சண்டை நடந்த 1741-ல் அவருக்கு 26 வயசு. 26 வயசில் ஒரு கடற்படைக்கே தளபதியா? டச்சு ஆவணங்களைத் தோண்டிப் படித்தவர்களும் அவர் அப்போது அத்தனை பெரிய பதவியில் இல்லை என்றுதான் எழுதுகிறார்கள். மார்த்தாண்ட வர்மாவின் முன்னால் அவர் சரணடையும் ஓவியம் பத்மநாபபுரம் அரண்மனையில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்தே நாம் அவரைத் தளபதி ஆக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். தோற்றவன் எவ்வளவு பெரிய ஆளோ, ஜெயித்த நமக்கு அவ்வளவு பெருமை இல்லையா!

அவர் பேர் வாங்கியதெல்லாம் அதற்கப்புறம், அதுவும் தரையில். பிடிபட்ட ஆள் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். உதயகிரியில் பீரங்கி வார்த்தார்கள். கடலோரத்து வட்டக்கோட்டையைக் கல்லால் பலப்படுத்தினார். படிப்படியாக ஏறி 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆனார். கடற்படை அதிகாரி என்கிறோம், மனுஷன் ஆயுசு முழுக்கக் கட்டியது மதில்சுவர்.

கட்சி மாறியவர், கூலிக்குச் சண்டை போட்டவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மிளகுக்காகக் கப்பலேறி வந்த டச்சுக் கம்பெனிக்கு ஒருவன் காலமெல்லாம் விசுவாசமாக இருக்கவேண்டும் என்று நாம் ஏன் அழவேண்டும்? குளச்சல் கரையில் மன்னருக்குத் துணை நின்ற முக்குவ மீனவர்களில் ஒருத்தர் பெயராவது நம் வாயில் வருகிறதா? அதைக் கேட்டாலும் ஒரு நியாயம் இருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. அரண்மனைக் காரியம் பார்த்துவந்த நீலகண்ட பிள்ளை, ஆடுமாடும் விளைச்சலும் போய் நொந்திருந்த நேரத்தில், பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் இந்த டிலனாய்தான் என்பார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். அப்புறம் சிறை, சித்திரவதை, எருமை மேல் ஏற்றி ஊர்வலம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது இதே மன்னரின் சிப்பாய்கள். துப்பாக்கி பிடிக்க அந்தப் படைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

அன்றைக்கு ராத்திரி இந்தக் கோட்டைக்குள் டிலனாய் தூங்கியிருப்பாரா? மன்னரிடம் மன்றாடியிருக்கலாம். வாயைத் திறக்காமலும் இருந்திருக்கலாம். அவரும் கைதியாக வந்தவர்தானே, எவ்வளவு பேச முடிந்திருக்கும்? ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் மன்னரான கார்த்திகைத் திருநாளிடமும் இருந்து, மொத்தம் இன்னும் 25 வருஷம் அதே விசுவாசம். 2022 மே 15-ல் ரோமில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது நம் மாவட்டமே கொண்டாடியது. 'விசுவாசம்' என்று கல்லில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காற்றாடிமலைதான் நினைவுக்கு வருகிறது. அவரை வெறுக்கவும் முடியவில்லை, மாலை போடவும் கை வரவில்லை.

இதையெல்லாம் பத்து வயசுப் பயலிடம் எப்படிச் சொல்வது? பாதிதான் சொன்னேன். திரும்பி வரும் வழியில் தக்கலையில் பழரசம் குடித்துக்கொண்டே, "அப்போ மெடல் வேண்டாம் மாமா, நான் குளச்சல்ல வலை இழுக்கிறவனா போறேன்" என்றான்.

அக்காவுக்குத்தான் கோபம். வெள்ளை உடுப்புக்கு ரெண்டு நாள் வாடகை முன்பணமாகக் கொடுத்துவிட்டாளாம்.