மோடம் ஹேங்கப்… ஏன்னு சொல்லித் தொலையேன்!

ஃபோன் லைன் வழியா டயல் பண்ணித்தான் இன்டர்நெட்டுக்குப் போறேன். மூணு வாரமா இதே கொடுமை. லினக்ஸ் கெர்னல் சோர்ஸ் இறங்கிக்கிட்டிருக்கு, இன்னொரு பக்கம் எஸ்எஸ்எச்-ல தூரத்து மெஷின்ல வேலை பார்த்துக்கிட்டிருக்கேன். திடீர்னு மோடத்துல 'டக்'. லைன் போச்சு!

லாக்கைத் திறந்தா ரெண்டே வார்த்தை: "மோடம் ஹேங்கப்". பிபிபிடி, அதாவது லினக்ஸ்ல டயல்-அப் இணைப்பை நடத்துற புரோகிராம், முடியும்போது தர்ற எண் 16. மேனுவலைப் புரட்டினா, 16-ன்னா மோடம் லைனை வெச்சுடுச்சுன்னு அர்த்தமாம். அதைத்தான் நானே காதால கேட்டேனே! எதுக்கு வெச்சுதுன்னுதானே கேக்குறேன்?

'இருக்கியா?'ன்னு அனுப்புற சோதனைச் செய்திக்கு, அதான் எல்சிபி எக்கோவுக்கு, எதிர்முனை பதில் தரலைன்னா 15. சும்மா கிடந்ததுன்னு அறுத்தா 12. இதுக்கெல்லாம் தனித்தனி எண் வெச்சிருக்காங்க. ஆனா லைன்ல இரைச்சல், கேபிள் லூசு, நடுவுல வேற கால் வந்தது, எல்லாத்துக்கும் ஒரே 16! ஏன்னா பிபிபிடிக்குத் தெரியுறது சீரியல் கேபிள்ல இருக்கிற கேரியர் சிக்னல், அதாவது எதிர்முனை மோடத்தோட தொடர்பு இருக்குன்னு சொல்ற சிக்னல் மட்டும்தான். அது விழுந்துச்சா, கதை முடிஞ்சுது.

கேட்டா ஆளாளுக்கு ஒரு மருந்து. "வின்மோடமா இருக்கும், பாதி வேலையைக் கம்ப்யூட்டர் தலையில கட்டுற மோடம் அது, தூக்கிப் போடு." ஐயா, என்னுது வெளியில வைக்கிற சீரியல் மோடம்னு என் கேள்வியோட முதல் வரியிலேயே சொன்னேனே! "எல்சிபி எக்கோவை எடுத்துடு." அது காரணமா இருந்தா 15 வந்திருக்கணும், எனக்கு வர்றது 16. சொன்னதைப் படிச்சாங்களா இல்லையா? "பிபிபிடிக்கு பெர்சிஸ்ட்-ங்கிற ஆப்ஷனைப் போடு, தானா மறுபடி டயல் பண்ணும்." பண்ணும், புது ஐபி முகவரியோட! என் எஸ்எஸ்எச் செத்தது செத்ததுதான்.

கடைசியில கண்டுபிடிச்சது நான்தான். ஒவ்வொரு தடவையும் லைன் அறுந்த கையோட ஃபோன் மணி அடிக்குது. கால் வெயிட்டிங்! அந்த 'பீப்' வந்ததும் கேரியர் ஒரு கணம் மறையுது. எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு மோடத்துல எஸ்10-னு ஒரு ரிஜிஸ்டர் (மாத்தக்கூடிய ஒரு அமைப்பு எண்) இருக்கு. பத்தில் ஒரு நொடிக் கணக்கு. என் மோடத்துல அது 14, அதாவது 1.4 நொடி. டயல் பண்றதுக்கு முன்னாடி மோடத்துக்கு அனுப்புற கட்டளை வரியில (இனிட் ஸ்ட்ரிங்) அதை 50 ஆக்கினேன். இன்னைக்கு ஃபோன் ரெண்டு தடவை குறுக்கே வந்தும் லைன் அப்படியே நிக்குது.

ஒரே ஒரு எண்! மூணு வாரத்துல ஒருத்தராவது "எஸ்10 பார்த்தியா?"ன்னு கேட்டிருக்கக் கூடாதா?